அரசுப் பள்ளிகளும் தனியார் அறக்கட்டளைகளும்: அமெரிக்காவில் நிதி நல்கை தேடும் வழிகள் பற்றிய ஓர் ஆய்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பணம் மூன்று வழிகளில் வருகிறது: மாநில அரசின் ஒதுக்கீடு, சொத்துவரியைப் பெரிதும் சார்ந்த உள்ளூர் வருவாய், வாஷிங்டனில் உள்ள கூட்டரசின் உதவி. 2018–19 கல்வியாண்டில் இந்த மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 79,400 கோடி டாலராக இருந்தன; அதில் மாநிலங்களின் பங்கு 47 விழுக்காடு, உள்ளூரின் பங்கு 45 விழுக்காடு, கூட்டரசின் பங்கு 8 விழுக்காடு. மறுபுறம், அந்நாட்டின் அறக்கட்டளைகள் அனைத்தும் மருத்துவம், பல்கலைக்கழகம், கலை, வறுமை ஒழிப்பு என எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஓராண்டில் வழங்கும் தொகை அண்மை ஆண்டுகளில்தான் 10,000 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. அத்தொகை முழுவதையும் பள்ளிகளுக்கே கொடுத்துவிட்டாலும் அது அவற்றின் ஒன்றரை மாதச் செலவுக்குத்தான் காணும். உண்மையில் பள்ளிக்கல்விக்கு வந்து சேர்வதோ அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

இவ்வளவு சிறிய தொகையைப் பெறப் பள்ளிகள் ஏன் இவ்வளவு பாடுபடுகின்றன என்ற கேள்விக்கு விடை, பணத்தின் அளவில் இல்லாமல் அதன் தன்மையில் இருக்கிறது. ஒரு பள்ளி மாவட்டத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் (பள்ளி மாவட்டம் என்பது ஓர் ஊரின் அல்லது வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை, பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு ஒன்றின் மேற்பார்வையில், நிர்வகிக்கும் அமைப்பு, நாடு முழுவதும் இத்தகையவை சுமார் 13,000 உள்ளன) ஆசிரியர் ஊதியம், ஓய்வூதியம், பேருந்து, கட்டடப் பராமரிப்பு ஆகியவை போக, விருப்பம்போல் செலவிடக்கூடிய பணம் மிகக் குறைவாகவே மிஞ்சுகிறது. புதிய வாசிப்புத் திட்டம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கவோ, நின்றுபோன இசை வகுப்பை மீண்டும் தொடங்கவோ, தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கவோ வேண்டிய முதல் பணம் அங்கே கிடைப்பதில்லை. அறக்கட்டளையின் நல்கை அந்த முதல் பணமாக அமையக்கூடும். இரண்டாவது ஆண்டுக்கும் ஐந்தாவது ஆண்டுக்கும் வேண்டிய பணம் எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்ட பள்ளிகளுக்கே அந்த முதல் பணம் பயன்பட்டிருக்கிறது என்பதை ஒன்றரை நூற்றாண்டு வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

அந்த வரலாறு உள்நாட்டுப் போர் முடிந்த இரண்டாம் ஆண்டில், 1867இல், வணிகர் ஜார்ஜ் பீபாடி நிறுவிய பீபாடி கல்வி நிதியத்தோடு தொடங்குகிறது. போரில் சிதைந்த தென்மாநிலங்களில் பொதுப் பள்ளிமுறையை உருவாக்குவதற்காகத் தரப்பட்ட அந்தப் பணத்தை அதன் முதல் முகவரான பர்னாஸ் சியர்ஸ் பள்ளிகளுக்கு நிபந்தனையோடுதான் வழங்கினார்: ஊர் தன் பங்கை வரியாகவோ நன்கொடையாகவோ முதலில் போட வேண்டும், நிதியம் அதற்குமேல் துணைத்தொகை தரும். இணைநிதி எனப்படும் இந்த ஏற்பாடு அன்றிலிருந்து அறக்கட்டளைகளின் நிரந்தரக் கருவியாகிவிட்டது. ஆனால் அதே சியர்ஸ் கறுப்பின மாணவர்களின் பள்ளிகளுக்கு வெள்ளையர் பள்ளிகளுக்குத் தந்ததில் மூன்றில் இரண்டு பங்கையே தந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜான் ராக்ஃபெல்லரின் பணத்தில் 1902இல் உருவான பொதுக் கல்வி வாரியம் வேறொரு வழியைக் கையாண்டது. பள்ளிகளுக்கு நேரடியாகத் தருவதோடு நில்லாமல், மாநிலக் கல்வித் துறைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றிய சில அலுவலர்களுக்கு ஊதியம் கொடுத்து, அவர்கள் மூலம் உள்ளூர் வரிப்பணத்தைப் பள்ளிகளின் பக்கம் திருப்ப முயன்றது.

இவ்வகை முயற்சிகளில் மிக விரிவான சான்றுகளை விட்டுச்சென்றது ரோசன்வால்டு பள்ளித் திட்டம். சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவரான ஜூலியஸ் ரோசன்வால்டு, 1912இல் டஸ்கீகி கல்வி நிலையத்துக்குக் கொடுத்த 25,000 டாலரில் மிஞ்சிய ஒரு சிறு தொகையைக் கொண்டு, அலபாமாவின் நாட்டுப்புறங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஆறு பள்ளிகள் கட்டலாம் என்று அந்நிலையத்தின் தலைவர் புக்கர் வாஷிங்டன் யோசனை சொன்னார். அந்த ஆறும் 1932ஆம் ஆண்டுக்குள் 15 மாநிலங்களில் 5,357 கட்டடங்களாக வளர்ந்தன; பெரும்பாலானவை பள்ளிகள், எஞ்சியவை ஆசிரியர் இல்லங்களும் தொழிற்கூடங்களும். மொத்தச் செலவான 2 கோடியே 84 லட்சம் டாலரில் ரோசன்வால்டு தரப்பிலிருந்து வந்தது சுமார் 43 லட்சம். கறுப்பின மக்கள் தாங்களே திரட்டியது அதைவிடக் கூடுதலாக, 47 லட்சம். வெள்ளையர் நன்கொடை 12 லட்சத்தோடு நின்றது. மீதி 1 கோடியே 81 லட்சமும் அரசு வரிப்பணம். கறுப்பினக் குழந்தைகளுக்குச் செலவிட மனமில்லாத உள்ளூர் நிர்வாகங்களிடமிருந்து செலவில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றுத் தந்தது, வெறும் 15 விழுக்காட்டுத் தனியார் பணம் என்பதே இங்கு கருதத்தக்கது. இப்பள்ளிகள் தென்மாநில நாட்டுப்புறங்களின் பள்ளி வயதுக் கறுப்பினக் குழந்தைகளில் சுமார் 36 விழுக்காட்டினருக்குப் பயன்பட்டன என்றும், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அம்மக்கள் கல்வியில் அடைந்த முன்னேற்றத்தில் கணிசமான பகுதி இத்திட்டத்தால் விளைந்தது என்றும் ஆரன்சன், மஜும்தர் ஆகிய பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இதன் மறுபக்கத்தை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1988இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார்: ஏற்கெனவே வரி செலுத்திவந்த ஏழைக் கறுப்பின மக்கள், தங்களுக்கு உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டிய பள்ளிக்காக மறுபடியும் பணமும் நிலமும் உழைப்பும் கொடுக்க நேர்ந்தது, இது இரட்டை வரியே. இரண்டு கூற்றுகளும் உண்மை. இணைநிதி ஊரைத் தூண்டுகிறது. வசதியில்லாத ஊரைச் சுரண்டவும் செய்கிறது.

இதற்கு நேர்மாறான பாடத்தை அண்மைக் காலப் பெருங்கொடைகள் தருகின்றன. பதிப்பக அதிபர் வால்ட்டர் அன்னன்பர்க் 1993 டிசம்பரில் அறிவித்த 50 கோடி டாலர் கொடை, அரசுப் பள்ளிகளுக்கு அதுவரை எவரும் தந்திராத பெருந்தொகை. ஆயினும் சிகாகோவில் அதன் பயனை அளந்த ஆய்வாளர்கள், கொடை பெற்ற பள்ளிகளின் மாணவர்களுக்கும் பெறாத பள்ளிகளின் மாணவர்களுக்கும் இடையே கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2003இல் முடிவு கூறினர். கேட்ஸ் அறக்கட்டளை 2000ஆம் ஆண்டு முதல் பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சிறு பள்ளிகளாகப் பிரிக்கும் திட்டத்துக்குப் பெருந்தொகை செலவிட்டபின், அவற்றில் பல எதிர்பார்த்த முன்னேற்றத்தைத் தரவில்லை என்று பில் கேட்ஸே 2009ஆம் ஆண்டுக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். நியூயார்க் நகரின் சிறு பள்ளிகளில் மட்டும் பள்ளிப்படிப்பை முடிப்போர் விகிதம் உயர்ந்ததாகப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அதே அறக்கட்டளை ஆசிரியர் மதிப்பீட்டு முறையை மாற்ற மூன்று பள்ளி மாவட்டங்களோடும் நான்கு சார்ட்டர் பள்ளிக் குழுமங்களோடும் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தால் நடத்தப்படும் பள்ளிகள்) சேர்ந்து நடத்திய திட்டத்துக்கு மொத்தம் 57.5 கோடி டாலர் செலவானது. அதில் கேட்ஸின் பங்கு 21.2 கோடி, எஞ்சியது மாவட்டங்களும் பிறரும் சுமந்தது. திட்டம் அதன் குறிக்கோள்களை எட்டவில்லை என்று ரேண்ட் ஆய்வு நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது. பெற்ற நல்கையைவிட அதற்காகச் செய்த செலவு மிகுவது இத்தகைய திட்டங்களில் அரிதன்று.

நியூஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகருக்கு ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஜுக்கர்பெர்க் 2010இல் அறிவித்த 10 கோடி டாலர் கொடையும், அதற்கு இணையாகத் திரட்டப்பட்ட இன்னொரு 10 கோடியும் மிகுந்த விவாதத்துக்கு உள்ளாயின. ஊர்மக்கள் கலந்தாலோசிக்கப்படாமல், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வழியாகவே செய்தியை அறிந்தனர். இரண்டு கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை ஆலோசகர்களுக்குப் போனதைப் பத்திரிகையாளர் டேல் ரசகாஃப் 2015இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். பின்னர் நடந்த ஓர் ஆய்வு ஆங்கிலப் பாடத்தில் முன்னேற்றமும் கணிதத்தில் மாற்றமின்மையும் கண்டது. எனவே அக்கொடையை முழுத் தோல்வி என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

இவற்றோடு ஒப்பிடுகையில் வாலஸ் அறக்கட்டளை 2011இல் ஆறு பெரிய மாவட்டங்களில் தொடங்கிய தலைமையாசிரியர் தயாரிப்புத் திட்டம் ஆரவாரமற்றது. தலைமையாசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்றுவிப்பது, முதல் சில ஆண்டுகள் கைகொடுப்பது என்ற அன்றாட நிர்வாக வேலையையே அது எடுத்துக்கொண்டது. புதிய தலைமையாசிரியர்கள் பொறுப்பேற்ற பள்ளிகளில் வாசிப்பிலும் கணிதத்திலும் ஒப்பீட்டுப் பள்ளிகளைவிட நல்ல பலன் தெரிந்தது என்று ரேண்ட் 2019இல் கண்டறிந்தது. அதைவிட முக்கியமானது, இதற்கான செலவு மாவட்டத்தின் வரவுசெலவில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு என்பது; நல்கை முடிந்த பிறகும் மாவட்டத்தால் தாங்கக்கூடிய செலவு அது.

இந்தப் பின்னணியில்தான் நல்கை தேடும் வேலையைப் பார்க்க வேண்டும். முதலில் சட்டநிலை. ஒரு தனிமனிதரோ குடும்பமோ நிறுவனமோ கொடுத்த மூலநிதியிலிருந்து வரும் வருவாயைக் கொண்டு பிறருக்கு உதவும் அமைப்பே பெரும்பாலும் தனியார் அறக்கட்டளை எனப்படுகிறது; 1969ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் அதைத் தனி வகையாகப் பிரித்தது. அது தன் முதலீட்டுச் சொத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். சட்டம் இயற்றுவோரைத் தன்பக்கம் இழுக்கும் பிரசாரத்துக்குப் பணம் ஒதுக்கக் கூடாது. வாக்கெடுப்புப் பிரசாரமும் இதில் அடங்குவதால், சொத்துவரியை உயர்த்தக் கோரும் உள்ளூர் வாக்கெடுப்புக்கு ஆதரவு திரட்ட எந்தப் பள்ளியும் இத்தகைய அறக்கட்டளையிடம் பணம் கேட்க முடியாது. அரசுப் பள்ளி அரசின் ஓர் உறுப்பு என்பதால் பொதுப்பயனுக்கான நல்கையை நேரடியாகப் பெறச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் பல அறக்கட்டளைகள் வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் பதிவுபெற்ற தொண்டு அமைப்புகளுக்கே தருவோம் என்று தம் விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன. இந்தத் தடையைக் கடக்கவே பல மாவட்டங்களில் உள்ளூர் கல்வி அறக்கட்டளை என்ற துணை அமைப்பு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1978இல் சொத்துவரிக்கு உச்சவரம்பு விதித்த 13ஆம் முன்மொழிவுக்குப் பிறகு இவை பெருகின. சமூக அறக்கட்டளை என்பது வேறு: ஒரு நகரத்தின் பல கொடையாளர்களின் பணத்தை ஒன்றுசேர்த்துப் பராமரிக்கும் அமைப்பு அது, 1914இல் கிளீவ்லாந்தில் நிறுவப்பட்டது அவற்றில் முதலாவது.

தேடுவோர் பெரும்பாலும் செய்யும் பிழை, கேட்ஸ், வாலஸ், வால்ட்டன் போன்ற பெரும் பெயர்களிலிருந்து தொடங்குவது. அவை பெரும்பாலும் தாங்களே வகுத்த திட்டங்களுக்குத் தாங்களே மாவட்டங்களைத் தேர்ந்தெடுப்பவை. ஒற்றைப் பள்ளி ஒன்றின் விண்ணப்பம் அங்கே எடுபடுவது கடினம். நாட்டில் உள்ள தனியார் அறக்கட்டளைகளில் மிகப் பெரும்பாலானவை சிறு குடும்ப அறக்கட்டளைகள். ஊதியம் பெறும் ஊழியர் இல்லாமல், இணையதளமும் இல்லாமல், ஆண்டுக்கு ஓரிரு முறை அறங்காவலர்கள் கூடித் தம் ஊரைச் சுற்றியுள்ள பணிகளுக்குப் பணம் பிரித்துக் கொடுப்பவை. ஒரு பள்ளிக்கு உண்மையில் கைக்கெட்டுவது இவையும் சமூக அறக்கட்டளையும் உள்ளூர் நிறுவனங்களுமே. இவற்றைக் கண்டறியும் வழி விளம்பரமற்றது, ஆனால் எவருக்கும் திறந்தது: ஒவ்வொரு தனியார் அறக்கட்டளையும் ஆண்டுதோறும் கூட்டரசின் வருவாய்த் துறைக்கு அளிக்க வேண்டிய 990 பி.எஃப். என்னும் படிவம்.

அந்தப் படிவத்தில் அறக்கட்டளையின் சொத்து மதிப்பும், அறங்காவலர்களின் பெயர்களும், அவ்வாண்டு நல்கை பெற்ற ஒவ்வோர் அமைப்பின் பெயரும் தொகையும் நோக்கமும் இடம்பெறுகின்றன. முன்கூட்டியே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே கொடுப்போம், கேட்டு வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்று அறிவிக்கும் கட்டம் ஒன்றும் அதில் உண்டு. அக்கட்டத்தில் குறியிடப்பட்டிருந்தால் விண்ணப்பம் எழுதுவது வீண். அறங்காவலர் எவரையாவது நேரில் அறிந்தவர் பள்ளிக் குழுவில் இருந்தாலொழிய அடுத்த பெயருக்குப் போவதே நல்லது. குறியிடப்படாதிருந்தால், மூன்று ஆண்டுப் படிவங்களை வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும். ஒரே ஆண்டின் பட்டியல் ஏமாற்றக்கூடும். பணம் எந்த வட்டாரத்துக்குப் போகிறது, பள்ளிக்குப் போயிருந்தால் பள்ளி மாவட்டத்தின் பெயரிலா கல்வி அறக்கட்டளையின் பெயரிலா, வழக்கமான தொகை 2,000 டாலரா 50,000 டாலரா என்பவை மூன்று ஆண்டுப் பட்டியலில் தெளிவாகிவிடும். 2,000 டாலர் கொடுத்துப் பழகிய குடும்பத்திடம் 40,000 டாலர் கேட்கும் விண்ணப்பம் அதன் தரத்தால் அன்றி அறியாமையால் நிராகரிக்கப்படுகிறது. இதே தேடலைத் தலைகீழாகவும் நடத்தலாம்: அண்டை மாவட்டங்களின் பெயரை இட்டுத் தேடினால் அவற்றுக்குக் கொடுத்தவர் யார் என்பது தெரியவரும். புரோபப்ளிக்கா செய்தி நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இப்படிவங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். 1956இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் சென்டரும் கைடுஸ்டார் நிறுவனமும் 2019இல் இணைந்து உருவான கேண்டிட் அமைப்பின் விரிவான அடைவுக்குச் சந்தா உண்டு என்றாலும், அதனோடு இணைந்த பொது நூலகங்களில் அதையும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இத்தேடலுக்குச் சிக்காத ஒரு பெரும் பகுதியும் இருக்கிறது: கொடையாளர் தம் பணத்தை ஓர் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு யாருக்குத் தரலாம் என்று அவ்வப்போது பரிந்துரைக்கும் கணக்குகளில், எந்தக் கொடையாளர் எவருக்குத் தந்தார் என்பதைத் தனித்தனியே வெளியிடும் கட்டாயம் இல்லை.

பெயர்கள் கிடைத்தபின் முழு விண்ணப்பத்துக்கு முன் இரண்டு பக்க அளவில் முன்விசாரணைக் கடிதம் எழுதுவது வழக்கம். அதில் பள்ளியின் வறுமையை நீட்டி வருணிப்பதால் பயன் குறைவு. எத்தனை மாணவர், எந்த வகுப்பு, இப்போதைய நிலை என்ன, எது மாறும், எப்போது எப்படி அளக்கப்படும் என்பதே அறங்காவலர் தேடுவது. விளைவை அளக்க மாணவர் விவரங்களைப் பகிர்வதாக வாக்களிப்பதற்கு முன், 1974ஆம் ஆண்டு மாணவர் பதிவேட்டு அந்தரங்கச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஆர்வத்தில் இதை மறப்போர் பலர். மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஆசிரியர் ஒருவர் தாமே விண்ணப்பித்துப் பெற்ற பணம், கணக்கில் ஏற்ற முடியாமல் நிற்பதும் உண்டு.

இவை அனைத்திலும் கடினமான பகுதி, நல்கை முடிந்தபின் என்ன என்ற கேள்விக்கான விடை. பணம் தருவோரில் விவரமறிந்தவர்கள் இதை நிபந்தனையாகவே வைக்கிறார்கள். 1997இல் தொடங்கிய சேவ் த மியூசிக் அமைப்பு அரசுப் பள்ளிகளுக்கு இசைக்கருவிகள் தருகிறது. ஆனால் இசையாசிரியரை மாவட்டம் தன் செலவில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. கருவி ஒருமுறைச் செலவு, ஆசிரியர் ஆண்டுதோறும் வரும் செலவு என்ற பிரிவினையை ஒவ்வொரு பள்ளியும் தன் திட்டத்துக்குத் தானே செய்துகொள்ள வேண்டும். கட்டடம், கருவி, பயிற்சி, பாடத்திட்ட உருவாக்கம் ஆகியவை நல்கைக்கு ஏற்றவை. நிரந்தர ஆசிரியரின் ஊதியத்தை மூன்றாண்டு நல்கையில் ஏற்றுவது, நான்காம் ஆண்டில் அவரை வெளியேற்றுவதற்கான ஏற்பாடுதான்.

எல்லாப் பள்ளிகளும் ஒரே திறமையோடு தேடுவதில்லை என்பது இந்த முறையின் ஆழமான குறை. நெல்சன், கேஸ்லி ஆகிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளிகளுக்காக நிதி திரட்டும் உள்ளூர் அமைப்புகளின் எண்ணிக்கை 1995க்கும் 2010க்கும் இடையே மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. 2010இல் அவற்றின் ஆண்டு வருவாய் சுமார் 88 கோடி டாலர். வசதி மிக்க மாவட்டங்களே இதில் முன்னணியில் இருந்தன. விண்ணப்பம் எழுதத் தெரிந்த பெற்றோரும், அறங்காவலரை அறிந்த பெற்றோரும் எங்கே இருக்கிறார்களோ அங்கே நல்கையும் போய்ச் சேருகிறது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து மாவட்டம், ஒவ்வொரு பள்ளியும் திரட்டும் தொகையில் முதல் 10,000 டாலருக்கு மேற்பட்டதில் மூன்றில் ஒரு பங்கை ஏழைப் பள்ளிகளுக்கான பொது நிதிக்குத் திருப்பும் விதியை நெடுங்காலம் வைத்திருந்தது. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா–மாலிபு மாவட்டக் குழு, தனித்தனிப் பள்ளிகளின் திரட்டலை மாவட்ட அளவில் ஒன்றாக்க 2011இல் முடிவெடுத்தது. இரண்டுமே வசதியான பெற்றோரின் எதிர்ப்பைச் சந்தித்தன. ஆயினும் 990 பி.எஃப். படிவங்களைப் படிக்கவும் விண்ணப்பங்களை எழுதவும் பயிற்சி பெற்ற ஓர் அலுவலரை மாவட்டமே நியமித்து, எந்தப் பள்ளிக்கு எது மிகவும் தேவையோ அதற்காக அவர் தேடுவது, பள்ளிதோறும் பெற்றோர் தத்தம் செல்வாக்குக்கு ஏற்பத் தேடிக்கொள்வதைவிட நேர்மையானது. நல்கை முடிந்த ஆண்டின் செலவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்களும் மாவட்டத்தாரே என்பதால் அதுவே நடைமுறைக்கும் உகந்தது.